திண்டுக்கல் வகுப்பறைகளில் ஆங்கில நிகழ்காலம்

1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திண்டுக்கல் திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு மாறியது. 1834இல் மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷனரிகள் அடுத்த ஆண்டே திண்டுக்கல்லிலும் காலூன்றிப் பள்ளிகள் நடத்தினர். 1875இல் ரயில் வந்தது. சுருட்டுத் தொழிலும் தோல் வணிகமும் வளர்ந்தன. கடிதம் எழுதவும் கணக்கு அனுப்பவும் ஆங்கிலம் தெரிந்த குமாஸ்தாக்கள் தேவைப்பட்டனர்.

அக்காலத்தில் ஆங்கிலம் கற்பித்த நாடுகளெங்கும் பரவியிருந்தது லிண்ட்லி மர்ரேயின் 1795ஆம் ஆண்டு இலக்கணம். லத்தீன் இலக்கணத்தின் அச்சில் வார்த்த நூல் அது. நிகழ்காலம் அதில் ஒரு வாய்பாடு: ஐ லவ், தௌ லவெஸ்ட், ஹி லவெத் அல்லது லவ்ஸ். வழக்கொழிந்துகொண்டிருந்த விகுதிகளும் மனப்பாடப் பட்டியலில் இருந்தன. பின்னர் நெஸ்ஃபீல்டின் நூலும், 1930களில் ரென் அண்ட் மார்ட்டினும் வந்தன. சிம்பிள், கன்டினியூஸ், பெர்ஃபெக்ட், பெர்ஃபெக்ட் கன்டினியூஸ் என்று நிகழ்காலத்தை நான்காகப் பிரிக்கும் கட்டம் இவற்றின் வழியே ஊன்றியது.

இந்தக் கட்டம் தமிழ்ப் பிள்ளைக்கு ஏன் கடினம் என்பதற்குக் காரணம் தமிழிலேயே இருக்கிறது. நன்னூல் நிகழ்காலத்துக்கு ஆநின்று, கின்று, கிறு என்ற இடைநிலைகளைச் சொல்கிறது. ஆனால் என்றும் உள்ள இயல்பையும் அன்றாட வழக்கத்தையும் சொல்லத் தமிழர் பெரும்பாலும் அவற்றை நாடுவதில்லை. குடகனாறு வடக்கே பாயும், அப்பா காலையில் கடை திறப்பார் என்பதே இயல்பான பேச்சு. முக்காலத்துக்கும் பொருந்தும் செய்தியைச் ‘செய்யும்’ என்ற வாய்பாட்டு வினையால் சொல்லத் தொல்காப்பியமே இடம் தருகிறது. ஆங்கிலமோ இந்த இடத்தில்தான் சிம்பிள் பிரசன்டைக் கேட்கிறது. ‘திறப்பார்’ என்பதை எதிர்காலமென்று எண்ணும் மாணவர் ‘வில் ஓப்பன்’ என்று எழுதிவிடுகிறார். அதைக் கவனக்குறைவு என்று திருத்திய ஆசிரியர்கள் பிள்ளைகளுக்கு அநியாயம் செய்தார்கள். அது தாய்மொழியின் ஒழுங்கைப் பின்பற்றிய பிழை.

‘எஸ்’ விகுதி இன்னொரு சிக்கல். நடக்கிறேன், நடக்கிறாய், நடக்கிறான் எனத் தமிழ் வினை ஒவ்வோர் ஆளுக்கும் விகுதி மாற்றுகிறது. ஆங்கிலத்தில் ஐ, யூ, வீ, தே எல்லாவற்றுக்கும் ‘வாக்’தான், படர்க்கை ஒருமைக்கு மட்டும் ‘வாக்ஸ்’. கேள்வியிலோ அந்த ‘எஸ்’ வினையை விட்டு முன்னே தாவுகிறது: டஸ் ஹி வாக்? தமிழில் ‘நடக்கிறானா’ என்று ஓர் ஆகாரம் சேர்த்தால் போதும். ‘டஸ் ஹி வாக்ஸ்’ என்ற பிழை பிறப்பது இங்கேதான்.

1950களில் சென்னை மாநிலப் பாடத்திட்டம் வாய்பாட்டை விட்டு வாக்கிய அமைப்புகளுக்கு மாறியது. அதற்காகத் தொடக்கநிலையில் ஆங்கிலம் கற்பிக்கும் சுமார் 27,000 ஆசிரியர்களுக்கு மறுபயிற்சி தரும் முயற்சி 1959இல் தொடங்கியது. முதலில் பயின்றவர்கள் அடுத்தவர்களைப் பயிற்றுவிப்பதே ஏற்பாடு. உருண்டு பெருகும் பனிப்பந்தின் பெயரால் அது அறியப்பட்டது. அப்போது மதுரை மாவட்டத்தில் இருந்த திண்டுக்கல்லும் அந்த மாநிலத்துக்குள் அடக்கம். வாக்கிய அமைப்பு முறையில் கன்டினியூஸ் முன்னிடம் பெற்றது. மாணவர் கதவை நோக்கி நடந்துகொண்டே ‘ஐ ஆம் வாக்கிங் டு தி டோர்’ என்பார். கண்ணெதிரே நடப்பதால் பொருள் விளக்கம் தேவையில்லை. ‘நடந்துகொண்டிருக்கிறேன்’ என்ற தமிழ் வடிவமும் கைகொடுத்தது. வாய்பாட்டை விட இது மேலான வழி. ஆனால் செய்து காட்ட முடியாத வினைகள் உண்டு. அறிதல், உடைமை போன்றவற்றுக்கும் ‘இங்’ சேர்த்து ‘ஹி இஸ் ஹேவிங் டூ பிரதர்ஸ்’ என்று பேசும் பழக்கத்துக்கு, கன்டினியூஸை முன்வைத்த இந்த வரிசையும் ஊட்டமளித்திருக்க வேண்டும்.

பெர்ஃபெக்ட் தமிழருக்கு எளிதாகவே தோன்றும். ‘வந்திருக்கிறார்’ என்பதில் ‘ஹேஸ் கம்’ போலவே துணைவினை நிகழ்காலத்தில் நிற்கிறது. ஆயினும் ‘நேற்று வந்திருக்கிறார்’ என்று தமிழ் தாராளமாகச் சொல்லும். ‘யெஸ்டர்டே’ வந்துவிட்டால் ஆங்கிலம் ‘கேம்’ என்ற இறந்தகாலத்தையே ஏற்கும்.