பொங்கல் மேட்சும் மரத்தடிச் சாப்பாடும்

பொங்கலுக்கு என்ன விசேஷம்னு இன்னைக்குக் கேட்டா கரும்பு, புதுப்படம், டிவியில பட்டிமன்றம்னு சொல்லுவோம். நம்ம தாத்தா காலத்துச் சென்னைக்காரர்களைக் கேட்டிருந்தா இன்னொண்ணும் சேர்த்துச் சொல்லியிருப்பாங்க. சேப்பாக்கத்துல மேட்ச்!

ராஜதானி மேட்ச் என்பது அதோட அதிகாரப்பூர்வமான பெயர். அதாவது மெட்ராஸ் பிரசிடென்சி மேட்ச். பொங்கலை ஒட்டி நடந்ததால ஜனங்களுக்கு அது பொங்கல் மேட்ச். முதல் ஆட்டம் 1908-ல். பிறகு 1915-லிருந்து வருஷா வருஷம் நடக்கிற வழக்கமாக மாறி, 1952-ல் நின்றது. ஆபீஸ் லீவு, பண்டிகை, கூட்டம், மைதானத்தைச் சுற்றிப் பந்தல் எல்லாம் சேர்ந்து அது ஒரு திருவிழா.

சரி, யாருக்கும் யாருக்கும் மேட்ச்? அங்கேதான் விஷயமே இருக்கு. ஒரு பக்கம் 'ஐரோப்பியர்கள்', இன்னொரு பக்கம் 'இந்தியர்கள்'. ஊரை வைத்தோ, கல்லூரியை வைத்தோ, கம்பெனியை வைத்தோ பிரிக்கலை. தோலை வைத்துப் பிரித்தார்கள். ஒரே ஊரில் வேலை பார்த்து, ஒரே ஊர்த் தண்ணியைக் குடிக்கிற ரெண்டு ஆளுங்க எந்த டீமில் ஆடணும் என்பதைப் பிறப்பு முடிவு பண்ணிச்சு.

நம்ம ஊர் கிரிக்கெட் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இந்த மேட்சைப் பற்றி ஆசை ஆசையா எழுதுவாங்க. அந்தக் காலப் பொற்காலம், கனவான்கள் ஆட்டம், இத்யாதி. படிக்கிறப்ப எனக்கும் நல்லாத்தான் இருக்கும். ஆனா இது எங்கேருந்து வந்துச்சுன்னு பார்த்தா, ஒரு மரத்தடியில போய் நிக்குது.

மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் 1846-ல் ஆரம்பிக்கப்பட்டது. வெள்ளைக்காரர்களுக்கான கிளப். 1860களில் சேப்பாக்கத்துக்கு வந்து சேர்ந்தது. இந்தியர்கள் அங்கே போய் ஆடலாம். ஆனா பெவிலியனுக்குள்ளே போக முடியாது. மதியச் சாப்பாட்டு நேரத்துல வெள்ளைக்காரங்க உள்ளே உட்கார்ந்து சாப்பிட, இந்திய ஆட்டக்காரங்க வெளியே மரத்தடியில சாப்பிடணும். காலையிலேர்ந்து இவங்க போட்ட பந்தைத்தான் அவங்க அடிச்சாங்க, அவங்க போட்ட பந்தைத்தான் இவங்க அடிச்சாங்க. பந்துக்குத் தீட்டு இல்லை, சோத்துத் தட்டுக்கு மட்டும் இருந்துச்சு.

இதைப் பார்த்துப் பொறுக்க முடியாத ஒருத்தர்தான் புச்சி பாபு நாயுடு. 1868-ல் பிறந்தவர். துபாஷி பரம்பரை, பெரிய பணக்காரக் குடும்பம், லஸ் பக்கம் பங்களா. வெள்ளைக்காரர்களோடு சரிக்குச் சரி பழகக்கூடிய வசதி அவருக்கு இருந்துச்சு. அப்படிப்பட்டவருக்கே இந்த நிலைன்னா மத்தவங்க கதையை நீங்களே யோசிச்சுக்கோங்க. அவர் சண்டைக்குப் போகலை. 1888-ல் மெட்ராஸ் யுனைடெட் கிளப் என்று சொந்தமா ஒரு கிளப்பை ஆரம்பிச்சார். இந்தியப் பசங்களைச் சேர்த்து, மட்டையும் பந்தும் உடுப்பும் கைக்காசுல வாங்கிக் கொடுத்தார்.

இருபது வருஷம் கழித்து, அந்த வெள்ளைக்காரக் கிளப்போடயே பேசி ஒரு போட்டிக்கு ஏற்பாடு பண்ணினார். அந்தப் பக்கத்திலிருந்து கை கொடுத்தவர் பார்ட்ரிட்ஜ் என்கிற ஆங்கிலேயர். அதுதான் 1908 டிசம்பரில் நடந்த முதல் ராஜதானி மேட்ச். கொடுமை என்னன்னா, மேட்சுக்குச் சில நாள் இருக்கும்போது புச்சி பாபு இறந்து போயிட்டார். நாற்பது வயசு. தான் இருபது வருஷமா உருவாக்கின ஆட்டத்தை அவர் பார்க்கவே இல்லை.

இங்கே ஒரு நிமிஷம் நிக்கணும். இந்த மரபைத் தொடங்கி வைத்தது இனவெறியா, இனவெறிக்கு எதிரான ரோஷமா? ரெண்டும்தான். மரத்தடியில உட்கார வெச்சவன் இல்லாம இந்த மேட்ச் இல்லை. மரத்தடியிலிருந்து எழுந்து வந்தவன் இல்லாமலும் இந்த மேட்ச் இல்லை. 'அது வெள்ளைக்காரன் திமிர்'னு ஒதுக்கவும் முடியாது, 'அது நல்லிணக்கத் திருவிழா'ன்னு கொண்டாடவும் முடியாது.

அதுக்குள்ளே நடந்த நல்லதையும் சொல்லணும். எம்.ஜே. கோபாலன் என்று ஒரு வேகப்பந்து வீச்சாளர். செங்கல்பட்டுப் பக்கம் மொறணம் கிராமத்துக்காரர். அவர் திறமையைக் கண்டுபிடித்து, பர்மா ஷெல் கம்பெனியில் வேலையும் வாங்கிக் கொடுத்து, திருவல்லிக்கேணி கிளப்பில் ஆட வைத்தவர் சி.பி. ஜான்ஸ்டன். இந்த ஜான்ஸ்டன் யார்? பொங்கல் மேட்சில் ஐரோப்பியர் பக்கம் ஆடியவர்! 1934 நவம்பர் 4-ஆம் தேதி ரஞ்சி டிராஃபியோட முதல் மேட்ச் சேப்பாக்கத்துல நடந்தப்போ மெட்ராஸுக்கு ஜான்ஸ்டன்தான் கேப்டன். எதிரணி மைசூர். ரஞ்சியோட முதல் பந்தைப் போட்டவர் கோபாலன். அந்த மேட்சில் 11 விக்கெட் எடுத்தவர் ஏ.ஜி. ராம்சிங். ஒரே நாளில் ஆட்டம் முடிஞ்சு மெட்ராஸ் ஜெயிச்சுது. வெள்ளைக்காரர், கிராமத்துத் தமிழர், சீக்கியர் எல்லாரும் ஒரே டீம். பொங்கல் வந்தா மட்டும் பழையபடி தோலைப் பார்த்துப் பிரிஞ்சு நிக்கணும். அந்த வழக்கத்தோட அபத்தம் 1934-லேயே மைதானத்துல தெரிஞ்சு போச்சு. ஆனாலும் அது இன்னும் பதினெட்டு வருஷம் ஓடிச்சு. மரபுன்னா அப்படித்தான், காரணம் செத்தாலும் கொஞ்ச நாள் உடம்பு நடக்கும்.

பம்பாய்ல கதை இன்னும் மோசம். அங்கே முதலில் ஐரோப்பியருக்கும் பார்சிகளுக்கும் போட்டி. 1907-ல் இந்துக்கள் சேர்ந்தாங்க, 1912-ல் முஸ்லிம்கள், 1937-ல் 'மற்றவர்கள்'னு ஐந்தாவது டீம். மதத்துக்கு ஒரு டீம்! 1940 டிசம்பரில் காந்தியே, விளையாட்டுல இப்படி மதவாரி டீம் கூடாதுன்னு சொன்னார். அப்புறமும் நின்னபாடில்லை. 1946-ல்தான் முடிவுக்கு வந்தது. அதோட ஒப்பிட்டா நம்ம மெட்ராஸ் 'இந்தியர்கள்' டீமில் இந்துவா, முஸ்லிமா, கிறிஸ்தவரா, சீக்கியரான்னு கேள்வி இல்லை. இதுல நமக்கு ஒரு சின்னப் பெருமை இருக்கலாம்.

ரொம்பப் பெருமைப்பட்டுக்க வேண்டாம். பல்வங்கர் பாலு கதையைக் கேளுங்க. 1876-ல் தார்வாடில், அன்றைக்குத் தீண்டத்தகாததுன்னு ஒதுக்கப்பட்ட சமார் சாதியில் பிறந்தவர். பூனாவில் வெள்ளைக்காரங்க கிளப்பில் மாசம் நாலு ரூபாய்க்கு மைதான வேலை. அங்கே வலைப் பயிற்சியில் ஆங்கிலேயர்களுக்குப் பந்து போட்டே பெரிய சுழற்பந்து வீச்சாளர் ஆனார். வெள்ளைக்காரனை ஜெயிக்கணும்னா பாலு வேணும். அதனால பூனாவின் இந்துக்கள் அவரை டீமில் சேர்த்தாங்க. சேர்த்துட்டு என்ன பண்ணினாங்க? டீ இடைவேளையில் மத்தவங்க பெவிலியனுக்குள்ளே பீங்கான் கோப்பையில் குடிக்க, பாலுவுக்கு வெளியே மண் குவளை. சாப்பாட்டுக்குத் தனி இடம்.

மெட்ராஸ்ல வெள்ளைக்காரன் இந்தியனுக்குச் செய்ததை, பூனாவில் இந்தியன் இந்தியனுக்குச் செய்தான். 1911-ல் இந்திய அணி இங்கிலாந்து போனப்போ பாலு எடுத்தது 114 விக்கெட். அப்படிப்பட்டவருக்கு இந்து அணியின் கேப்டன் பதவி முறையாகக் கொடுக்கப்படவே இல்லை. பல வருஷப் போராட்டத்துக்குப் பிறகு 1923-ல் அவர் தம்பி விட்டலுக்குத்தான் அது கிடைத்தது.

சென்னைக் கல்லூரிகளும் இந்தக் கதைக்கு வெளியே இல்லை. பச்சையப்பன் கல்லூரியில் 1947 வரைக்கும் இந்து மாணவர்களுக்கு மட்டும்தான் இடம். அப்புறம் அந்தக் கல்லூரி டீமில் யார் ஆடியிருக்க முடியும்? மைதானத்தில் யாரையும் தடுக்க வேண்டிய அவசியமே வரலை, வாசல்லயே தடுத்தாச்சு.

இப்படிப் பிறந்த மரபுகளை என்ன பண்றதுன்னு அமெரிக்கக் கல்லூரிகள் இன்னமும் மண்டையைப் பிச்சுக்கிறாங்க. அங்கே கல்லூரி ஃபுட்பால்னா நம்ம ஊர் தேர்த் திருவிழா மாதிரி. டெக்சாஸ் பல்கலைக்கழகத்துல ஒவ்வொரு ஆட்டம் முடிஞ்சதும் எல்லாரும் எழுந்து நின்னு ஒரு பாட்டு பாடுவாங்க. அது முதன்முதலில் பாடப்பட்டது 1903-ல், வெள்ளைக்கார மாணவர்கள் முகத்தில் கரி பூசிக்கிட்டு கறுப்பர்களைக் கிண்டல் பண்ணி ஆடுகிற ஒரு நிகழ்ச்சியில். 2020-ல் அந்தப் பல்கலைக்கழக ஆட்டக்காரங்களே இதை மாத்துங்கன்னு கேட்டாங்க. கமிட்டி போட்டாங்க. பாட்டு எழுதப்பட்டதில் இனவெறி நோக்கம் இல்லைன்னு 2021-ல் அறிக்கை வந்துச்சு. பாட்டு அப்படியே இருக்கு.

அதே 2020-ல் ஃபுளோரிடா பல்கலைக்கழகம் வேற மாதிரி பண்ணிச்சு. அங்கே ரசிகர்கள் 'முதலை இரை'ங்கிற அர்த்தத்துல ஒரு கோஷம் போடுவாங்க. அந்த ஊரில் ஒரு காலத்துல கறுப்பினக் குழந்தைகளை முதலைக்கு இரையா வரைஞ்ச கேலிப் படங்கள் தபால் அட்டையில் எல்லாம் வந்திருக்கு. எங்க கோஷத்துக்கும் அந்தப் படத்துக்கும் தொடர்பு இருக்கிறதா எந்த ஆதாரமும் இல்லை, ஆனா அந்தச் சொல்லுக்கு அப்படி ஒரு வரலாறு இருக்குன்னு சொல்லி நிறுத்திட்டாங்க. ரெண்டு பக்கமும் வாதம் இருக்கு. 'எங்க அப்பா பாடினார், நான் பாடறேன், எனக்கு மனசுல கெட்ட எண்ணம் இல்லை'ங்கிறது ஒரு நியாயம். 'நீ பாடறப்ப நான் பக்கத்துல நின்னு கேக்க வேண்டியிருக்கே'ங்கிறது இன்னொரு நியாயம். என்னைக் கேட்டா ரெண்டாவது ஆள் சொல்றதுக்குத்தான் எடை அதிகம். முதல் ஆளுக்கு வேற பாட்டு கிடைக்கும்.

நம்ம மெட்ராஸ்காரங்க இதை அதிக சத்தமில்லாம முடிச்சாங்க. 1952-ஓடு பொங்கல் மேட்ச் நின்னுது. அதே 1952 பிப்ரவரியில், அதே சேப்பாக்கத்துல, இந்தியா தன்னுடைய முதல் டெஸ்ட் வெற்றியை வாங்கிச்சு. இங்கிலாந்தை இன்னிங்ஸ் கணக்கில் தோற்கடிச்சாங்க. வினு மன்கட் மொத்தம் 12 விக்கெட். எந்த மைதானத்தில் உள்ளே வராதேன்னு சொன்னானோ அங்கேயே!

நின்னுபோன மேட்சோட இடம் காலியா இருக்கலை. 1952-53 சீசனில் மெட்ராஸுக்கும் இலங்கைக்கும் நடுவில் ஒரு போட்டி ஆரம்பிச்சாங்க. அதுக்கு வெச்ச பெயர் கோபாலன் டிராஃபி. ஆமா, அந்த மொறணம் கோபாலன்தான். பிரிக்கிற கோடு தோல்லேர்ந்து ஊருக்கு மாறிச்சு. புச்சி பாபு பெயரிலும் ஒரு போட்டி ரஞ்சி சீசனுக்கு முன்னாடி நடக்குது. வெளி மாநில டீம்களும் வந்து ஆடறாங்க. கூட்டம், கொண்டாட்டம், போட்டி இதெல்லாம் இன ரீதியான பிரிவினை இல்லாமலே இருக்க முடியும்னு இந்த ஊர் காட்டியிருக்கு.

இதையெல்லாம் நான் ஏன் வேப்பம்பட்டுல உட்கார்ந்து எழுதறேன்? காரணம் இருக்கு. எங்க பக்கம் வீடு கட்டாத மனைங்கதான் கிரவுண்டு. ஞாயித்துக்கிழமை ஆனா செவ்வாப்பேட்டை, திருநின்றவூர் வரைக்கும் டென்னிஸ் பால் மேட்ச் நடக்கும். திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி பக்கம் கம்பெனிகளில் வேலை செய்யிற ஒடிசா, பீகார், அசாம் பசங்களும் நல்லா ஆடறாங்க. கொஞ்ச நாளா 'நம்ம பசங்க' டீம், 'ஹிந்திக்காரங்க' டீம்னு பிரிச்சு ஆடறது காதுல விழுது. அவங்களைக் கூப்பிடற பெயர்களைச் சொல்லவே வேணாம். இன்னும் சில இடங்கள்ல 'ஊர் டீம்', 'காலனி டீம்'ங்கிற பேச்சு ரொம்ப காலமாவே இருக்கு. யாரும் கெட்ட எண்ணத்துல பண்ணலை, சும்மா ஜாலிக்குத்தான்னு சொல்லுவாங்க. பொங்கல் மேட்சையும் ஜாலிக்குத்தான் ஆடினாங்க.

மரபுன்னா நூறு வருஷம் முன்னாடி யாரோ ஆரம்பிச்சதுன்னு நினைக்கிறோம். அதுக்கும் ஒரு முதல் ஞாயித்துக்கிழமை இருந்திருக்கும். இந்த வருஷம் ஜாலிக்கு, அடுத்த வருஷம் கோப்பை, அதுக்கு அடுத்த வருஷம் பேனர். மேட்ச் முடிஞ்சு தண்ணி கேன்ல யார் வாய் வைக்கலாம், டீக்கடையில் யார் யாரோட நிக்கலாம்ங்கிற அளவுக்குப் போயிடுச்சுன்னா, பழைய மரத்தடி திரும்ப வந்துடுச்சுன்னு அர்த்தம்.

தடுக்கிறதுக்குக் கமிட்டி, அறிக்கை எதுவும் வேணாம். சின்னப் பசங்களா இருந்தப்ப நாம எப்படி டீம் பிரிச்சோம்? கையை நீட்டி சா பூ த்ரீ. உள்ளங்கை காட்டினவன் ஒரு பக்கம், புறங்கை காட்டினவன் ஒரு பக்கம். இந்தப் பொங்கலுக்கு மேட்ச் வைக்கிற அண்ணன்களே, தம்பிகளே, அப்படியே பிரிங்க. சாப்பாட்டை எல்லாருக்கும் ஒரே பந்தியில போடுங்க.