தும்பறை நாரும் கின்னரர் நெசவும்

கண்டி மாநகருக்கு வடகிழக்கே, வத்துகாமத்தைக் கடந்து மலையேறிச் செல்லும் பாதையில் உள்ளது பன்வில. ஊரின் பெயரே ஒரு கைத்தொழிலை நினைவூட்டுகின்றது. பன் என்பது பாய் இழைக்க உதவும் ஒருவகைக் கோரை. ஈழத்துத் தமிழர் பன்பாய் என்று வழங்குவது அதனாற் செய்ததே. வில என்பது நீர் தேங்கி நிற்கும் இடம்; தமிழில் வில்லு எனப்படுவதும் இதுதான். இன்று அவ்வூரைச் சூழத் தேயிலையே காணப்படுகின்றது. தேயிலைக்கும் அதற்கு முந்திய கோப்பிக்கும் முன்னர், பன்வில மலைகளிலிருந்து மகாவலி கங்கைக் கரைவரை பரந்து கிடந்த நிலம் தும்பறை என்றே அறியப்பட்டது. அந்தப் பெயரைத் தாங்கி உலகறிய வந்திருப்பது ஒரு பாய் நெசவாகும்.

ஆனால் அது கோரைப் பாயன்று, நார்ப் பாய். நெய்தவர்கள் கின்னரர் எனப்படும் சிறு குலத்தவர். நம் புராணங்களில் கின்னரர் தேவலோகத்து இசைவாணர். கண்டி இராச்சியத்திலோ அந்தப் பெயருக்குரியோர் சாதி அடுக்கின் அடித்தட்டில் வைக்கப்பட்டிருந்தனர்.

முற்காலத்தில் அவர்கள் கையாண்டது சிங்களத்தில் நியந்த என்றும் தமிழில் மருள் என்றும் சொல்லப்படும் செடி. வில்லுக்கு நாண் திரிக்க உதவிய நார் அது. மனு நூலில் அரச குலத்தவர் இடையிற் கட்டும் மேகலைக்கு உரியதாகக் கூறப்படும் மூர்வா இச்செடியே எனப் பலர் கருதுவர். பின்னர் ஹன எனப்படும் கற்றாழை இனச் செடியின் நார் பெருவழக்காயிற்று.

தடித்த இலையை ஒரு மரத்துண்டின்மேற் கிடத்தி, சதைப்பற்று முழுவதும் நீங்கும்வரை வழிப்பார்கள். எஞ்சும் வெண்ணிற நாரைக் கழுவி, உலர்த்தி, சீவிப் பதப்படுத்துவார்கள். பதங்கி மரத்தின் கட்டையிலிருந்து சிவப்பும், மரமஞ்சட் கொடியிலிருந்து மஞ்சளும், கடுக்காய் தான்றிக்காய் முதலியவற்றிலிருந்து கருமையும் எடுத்துச் சாயமேற்றுவார்கள். நார் இலையின் நீளத்துக்கு மேல் வராதாகையால், நூலைப்போல் ஓடத்திற் சுற்றி எறிய முடியாது. நிலத்தோடு தாழ்ந்த தறியின் முன் அமர்ந்து, ஒவ்வோர் ஊடிழையையும் குச்சியின் துணையாற் செலுத்தி இறுக்கவேண்டும். யானை, மான், நாகம், பறவை, தாமரை, விண்மீன் ஆகிய உருவங்கள் யாவும் இழையை எண்ணி எண்ணி எழுப்பப்படுவன. எண்ணிக்கை ஓரிடத்திற் பிசகினால் யானைக்குத் துதிக்கை இராது.

இந்தப் பாய்கள் கண்டி அரண்மனைக்குச் சென்றன. நெய்தவர் நிலைமை என்ன? இரண்டாம் இராஜசிங்கன் காலத்தில், 1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்திற் சிறைப்பட்டிருந்த இராபர்ட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர், 1681இல் வெளிவந்த தம் நூலில் அதனைக் குறித்து வைத்திருக்கின்றார். நேர்த்தியான பாய் செய்வது இவர்கள் தொழில் என்று கூறியவர், அடுத்தபடியாகவே, இக்குலத்து ஆடவர் தலையில் எதனையும் அணியலாகாது என்ற விதியையும் சொல்லிச் செல்கின்றார். தாழ்ந்த நிலையினர் உடுக்கும் துணி முழங்காலுக்குக் கீழே இறங்கலாகாது என்பதும் அவர் கண்ட வழக்கம். அரசன் வீட்டுக்கு அழகு செய்தவன் தன் தலைக்கு ஒரு துணி சுற்ற உரிமையற்று நின்றான். அந்நாட்டில் உடையும் அணியும் விருப்பத்தின்பாற்பட்டவையல்ல. ஆளைக் கண்டதும் சாதியை அறிவிக்கும் முத்திரைகள்.

1815இல் கண்டி ஆங்கிலேயர் வசமாயிற்று. 1832இல் இராஜகாரியம் என்னும் கட்டாய ஊழியமும் நீக்கப்பட்டது. கின்னரர் கட்டிலிருந்து விடுபட்டனர். அதே வேளையில், அவர்கள் பாயை எதிர்பார்த்திருந்த அரண்மனையும் இல்லாது போயிற்று. சந்தையில் விலை பேசி விற்கும் பொருளாக அந்தப் பாய் அதுவரை இருந்ததில்லை. மலையுச்சிகளிற் காடழிந்து தோட்டங்கள் எழுந்தன. அங்கே வந்து சேர்ந்த தமிழ்ப் பெண்கள் குளிருக்கும் மழைக்கும் கம்பளியைத் தலையிற் போர்த்து, இடுப்பிற் படங்கைச் சுற்றிக்கொண்டு கொழுந்து பறித்தனர். இவற்றை எவரும் அழகென்று எழுதிவைக்கவில்லை. பாயைப் பற்றியாவது எழுத ஒருவர் வந்தார்.

அவர் ஆனந்த குமாரசுவாமி. சேர் முத்துக் குமாரசுவாமியின் மைந்தர்; 1877இற் கொழும்பிற் பிறந்தவர். 1903 முதல் 1906 வரை இலங்கையின் கனிப்பொருள் ஆய்வுத் துறைக்குத் தலைமை தாங்கினார். கல்லைத் தேடிச் சென்றவரின் கண்ணிற் கைவினைஞர் பட்டனர். மேல்நாட்டு உடையைப் பார்த்து ஒழுகும் மோகத்தை இடித்துரைத்து, இரவல் இறகுகள் என்னும் பொருள்படும் தலைப்பில் ஒரு சிறு நூலை 1905இற் கண்டியில் அச்சிட்டார். 1908இல் வெளிவந்த இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலில், கின்னரர் நெசவுக்கும் இடமளித்தார். வில்லியம் மொறிஸ் பயன்படுத்திய கையச்சுப் பொறியிலேயே அந்நூலின் 425 படிகள் அச்சாயின.

அவருடன் கண்டி நாட்டில் உலவிய முதல் மனைவி எதெலின் கதை அதிகம் பேசப்படுவதில்லை. இங்கிலாந்து திரும்பியபின் அவ்வம்மையார் தாமே தறியில் அமர்ந்தார். எதெல் மைரே என்னும் பெயரில், தாவரச் சாயங்களைப் பற்றி 1916இல் நூல் வெளியிட்டு, அந்நாட்டுக் கைநெசவின் மறுமலர்ச்சிக்கு முன்னோடியானார். அவர் சாயப் பானையில் எவ்வளவு இலங்கையிற் கற்றது என அளந்து சொல்லுதல் அரிது. ஆயினும் கண்டி மலைகளில் அவர் கழித்த ஆண்டுகள் வீணாகவில்லை எனலாம்.

தும்பறைப் பள்ளத்தாக்கின் ஹேனவலக் கிராமத்தில் அந்தத் தறிகள் இன்றும் இயங்குகின்றன. பாயைக் காட்டிலும், சுவரில் தொங்கவிடும் அலங்காரத் துண்டுகளும், திண்டுறைகளும், பெண்கள் தோளில் மாட்டும் கைப்பைகளும், பணப்பைகளும் மிகுதியாகச் செய்யப்படுகின்றன. வாங்குவோர் எச்சாதியினர் என்று எவரும் கேட்பதில்லை. 2021இல் யுனெஸ்கோ நிறுவனம், தும்பறை ரட்டா கலால என்னும் இக்கைவினையை மனித குலத்தின் புலனாகா மரபுச் செல்வங்களின் பட்டியலிற் சேர்த்தது. ஆனால் ஹன செடி அருகி வருவதால், நாருக்குப் பதிலாகப் பருத்தி நூலும் தறியேறுகின்றது. நூலிற் செய்த பை மென்மையாக இருக்கும், கைக்கும் எளிது. நாரிற் செய்தது சற்றே விறைப்பானது. வெளிச்சத்திற் பிடித்தால் மினுங்கும். பழகிய நெசவாளர்க்கு இரண்டுக்குமுள்ள வேறுபாட்டை அறியக் கண் வேண்டியதில்லை. விரல் நுனி போதும்.