ஐந்து நாளில் தப்பியிருக்கலாம்: பிரிங்க்ஸ் கொள்ளையும் அதை வைத்து எடுத்த காமெடி படமும்

இந்த எபிசோடில் ஒரு படத்தைப் பற்றியும், அந்தப் படத்துக்குப் பின்னால் இருக்கிற உண்மைக் கதையைப் பற்றியும் பேசப் போகிறோம். படத்தின் பெயர் 'தி பிரிங்க்ஸ் ஜாப்'. 1978-ல் வந்தது. இயக்குநர் வில்லியம் ஃபிரீட்கின். 'தி பிரெஞ்ச் கனெக்‌ஷன்', 'தி எக்ஸார்சிஸ்ட்' எடுத்தவர் என்று சொன்னால் உடனே தெரியும். ஆனா இந்தப் படத்தைச் சொன்னால், "அப்படி ஒண்ணு எடுத்தாரா?" என்றுதான் கேட்பாங்க. கலை இயக்கத்துக்கு ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தும் பேச்சில் இல்லாமல் போன படம். வீட்டில் பார்க்கிற வட்டாக வந்திருக்கு. அந்தச் சாக்கில் கதைக்குள் போகலாம்.

இடம், அமெரிக்காவின் பாஸ்டன் நகரம். நார்த் எண்ட் என்கிற இத்தாலியர்கள் நிறைந்த பகுதி, அதில் பிரின்ஸ் தெரு. அங்கேதான் பிரிங்க்ஸ் நிறுவனத்தின் கட்டடம் இருந்தது. வங்கிகளின் பணத்தையும் கம்பெனிகளின் சம்பளப் பணத்தையும் கவச வண்டியில் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் அவங்க தொழில். பணத்துக்குக் காவல் என்றாலே அமெரிக்காவில் பிரிங்க்ஸ்தான் ஞாபகத்துக்கு வரும்.

1950 ஜனவரி 17, இரவு ஏழு மணி தாண்டிய நேரம். கடற்படைக்காரர்கள் போடுகிற மாதிரி கோட்டு, ஓட்டுநர் தொப்பி, முகத்தில் ஹாலோவீன் முகமூடி. ஏழு பேர் உள்ளே போனாங்க. அங்கிருந்த ஐந்து ஊழியர்களைத் துப்பாக்கி முனையில் தரையில் படுக்க வைத்து, கையைக் கட்டி, வாயை ஒட்டினாங்க. சுமார் இருபது நிமிடத்தில் வெளியே வந்துட்டாங்க. கொண்டுபோனது ரொக்கமாக 12 லட்சம் டாலருக்கு மேல். காசோலை, பணவிடை எல்லாம் சேர்த்தால் 27 லட்சம் டாலரைத் தாண்டும். அதுவரை அமெரிக்கா பார்த்த கொள்ளைகளில் இதுதான் பெரியது.

அந்த இருபது நிமிடத்துக்குள்ளேயே ஒரு காமெடி படத்துக்கான சரக்கு இருக்கு. வேலை நடந்துகொண்டிருக்கும்போதே மணி அடிக்கிறது. யாரு? கட்டியிருந்த ஊழியர் ஒருவரின் வாய் ஒட்டை எடுத்துவிட்டு, "இந்த மணிக்கு என்ன அர்த்தம்?" என்று கொள்ளையர்களே விசாரிக்கிறாங்க. வண்டிக் கொட்டகையில் வேலை பார்க்கிறவர் உள்ளே வரக் கேட்டு அடிக்கிற மணி. அவரையும் பிடிக்கலாம் என்று இரண்டு பேர் கதவுப் பக்கம் போனால், அவர் எதுவும் தெரியாமல் திரும்பி நடந்து போய்க்கொண்டிருந்தார். விட்டுட்டாங்க. அடுத்து, ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியின் சம்பளப் பணம் இருந்த இரும்புப் பெட்டி. அதைத் திறக்கப் பார்த்தாங்க, முடியல. இவ்வளவு பெரிய திட்டம் போட்டவங்க, பெட்டியை உடைக்க ஒரு கருவி கொண்டு வரல!

படத்தின் தொனியும் இதுதான். டோனி பீனோவாக நடித்தவர் பீட்டர் ஃபாக். நம்மில் பலருக்கு அவர் 'கொலம்போ' துப்பறிவாளர். இங்கே அவர் எதிர்ப்பக்கம். சின்னத் திருட்டு செய்து பிழைக்கிற ஒருவன், பிரிங்க்ஸ் கோட்டையைப் பக்கத்தில் போய்ப் பார்க்கிறான். பார்த்தால் கோட்டையே இல்லை, அசட்டையாக நடக்கிற ஒரு சாதாரண ஆபீஸ். படத்தின் சிரிப்பு அங்கேயிருந்துதான் வருகிறது.

படம் எடுத்த கதையும் அதே ரகம். பாஸ்டன் தெருக்களிலேயே படப்பிடிப்பு. 1950-ஐக் காட்ட வேண்டும் என்று ஒரு வீட்டு ஜன்னலில் இருந்த ஏசி பெட்டியை எடுக்கச் சொல்லிப் பணம் கொடுத்தாங்களாம். மறுநாள் போய்ப் பார்த்தால் தெருவில் எல்லா ஜன்னலிலும் ஏசி பெட்டி! இப்படி ஒரு கதை சொல்லப்படுது. அதைவிடப் பெரிய கூத்து, துப்பாக்கியோடு சிலர் படத்தொகுப்பு இடத்துக்குள் புகுந்து பிலிம் சுருள்களைத் தூக்கிட்டுப் போய், திருப்பித் தரப் பணம் கேட்டாங்க. பிரதி இருந்ததால் படம் தப்பித்தது. கொள்ளைப் படத்தையே கொள்ளையடிச்சிருக்காங்க.

சரி, சிரிப்பு இருக்கட்டும். உண்மைக் கொள்ளையில் இருந்த ஜாஸ் மாஃபி இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு ஒரு குறை சொன்னார். தாங்கள் பட்ட கடின உழைப்பைப் படம் காட்டவில்லை என்று. கேட்டால் வேடிக்கையாக இருக்கும். ஆனா அவர் சொன்னதில் விஷயம் இருக்கு.

அந்தக் கும்பல் மொத்தம் 11 பேர். மாதக்கணக்காகப் பக்கத்துக் கட்டடங்களின் கூரையிலிருந்து பிரிங்க்ஸ் ஆபீஸை நோட்டம் விட்டாங்க. ஆபீஸ் மூடியபின் இரவில் உள்ளே போய், ஐந்து கதவுகளின் பூட்டு உருளைகளைக் கழற்றி எடுத்துப் போய், சாவி செய்துகொண்டு, மறுபடி அதே இடத்தில் மாட்டி வைத்தாங்க. அலாரம் கம்பெனிக்குள்ளும் புகுந்து பாதுகாப்பு வரைபடத்தை எடுத்தாங்க. அது பிரயோஜனப்படல. எடுத்த மாதிரியே திருப்பிக் கொண்டுபோய் வைத்துட்டாங்க. கொள்ளையடிக்கத் தயாராக வந்து, நிலைமை சரியில்லை என்று சுமார் ஆறு முறை திரும்பிப் போயிருக்காங்க. இது அசட்டுத் திருடர்கள் செய்கிற வேலையா?

அடுத்தது காத்திருப்பு. மாசசூசெட்ஸ் மாநிலச் சட்டப்படி, ஆறு ஆண்டுக்குள் குற்றம் சாட்டாவிட்டால் வழக்குப் போட முடியாது. அதாவது 1956 ஜனவரி 17 வரை வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். அதில்தான் சறுக்கினாங்க.

கொள்ளை நடந்த அதே ஆண்டு ஜூனில், கும்பலைச் சேர்ந்த ஓ'கீஃபும் குஷியோராவும் பென்சில்வேனியாவில் வேறொரு திருட்டில் மாட்டினாங்க. இருவருக்கும் சிறை. வழக்கு நடத்தப் பணம் வேண்டும். ஓ'கீஃப் தன் பங்கில் 90,000 டாலருக்கு மேல் மாஃபியிடம் கொடுத்து வைத்திருந்ததாகவும், அது திரும்ப வரவே இல்லை என்றும் பின்னாளில் சொன்னார். கூட்டாளிகளிடம் கேட்டுக் கேட்டுப் பார்த்தார். கேட்பது மிரட்டலாக மாறியது. பதிலுக்கு வந்தது 'ட்ரிகர்' பர்க் என்கிற கூலிக் கொலையாளி. 1954 ஜூனில் ஓ'கீஃபை நோக்கி மெஷின் கன்னால் சுட்டான். காயத்தோடு பிழைத்தார் ஓ'கீஃப்.

1956 ஜனவரி 6 அன்று, சிறையில் இருந்த அவர் எஃப்பிஐ அதிகாரிகளிடம் எல்லாவற்றையும் சொன்னார். ஜனவரி 12-ல் கைது தொடங்கியது. கெடு முடிய ஐந்தே நாள். அந்த ஆண்டு எட்டுப் பேருக்கு ஆயுள் தண்டனை. பான்ஃபீல்ட் என்பவர் கைதுக்கு முன்பே இறந்திருந்தார். குஷியோரா விசாரணைக்கு முன்பு இறந்தார்.

பணம்? மீட்டது 60,000 டாலருக்கும் குறைவு. அதில் பெரும்பகுதி பாஸ்டனில் ஓர் ஆபீஸின் சுவருக்குள், பிக்னிக் பெட்டியில், மக்கிப்போய்க்கொண்டிருந்த நோட்டுகளாகக் கிடைத்தது. மீதி எங்கே போனது என்பது இன்றுவரை விடை இல்லாத கேள்வி.

படம் இந்தப் பகுதியை வேகமாகக் கடந்து போகிறது. ஓ'கீஃபாக நடித்த வாரன் ஓட்ஸ் முகத்தில்தான் அந்த வலி கொஞ்சம் தங்குகிறது. கடைசியில் கைதானவர்களைப் பார்த்து ஊரே கைதட்டுகிறது. பெரிய நிறுவனத்தை ஏமாற்றிய சின்ன மனிதர்கள் என்றால் நமக்கும் பிடிக்கும்தானே? ஆனா அந்தக் கைதட்டலில், கட்டிப்போட்டுத் தரையில் கிடந்த ஐந்து ஊழியர்கள் காணாமல் போகிறாங்க. உதவி கேட்ட கூட்டாளியைச் சுடச் சொன்னதும் காணாமல் போகுது.

இந்தக் கொள்ளையைக் கண்டுபிடித்தது எஃப்பிஐயின் சாமர்த்தியம் என்று சொல்வதற்கு அதிகம் இல்லை. வருடக்கணக்கில் தேடியும் உறுதியான சாட்சி சிக்கல. ஐந்து பூட்டைப் பொறுமையாகத் திறந்தவங்க, கூட இருந்தவனுக்காக மடியை அவிழ்க்கவில்லை. அதுதான் அவங்களைப் பிடித்துக் கொடுத்தது.

படத்தைக் கட்டாயம் பாருங்க, நல்லா சிரிப்பீங்க. ஊர் கைதட்டுகிற இடம் வரும்போது மட்டும் ஓ'கீஃபை ஒரு நிமிஷம் நினைச்சுக்கோங்க. அடுத்த எபிசோடில் சந்திக்கலாம்.