பாராமகால்: ஒரு பெரும்படையின் தானியக் களஞ்சியம்

வட அமெரிக்காவின் 13 குடியேற்றங்கள் பிரிட்டிஷ் முடியாட்சிக்கு எதிராக 1775இல் தொடங்கிய விடுதலைப் போரில் 1778இல் பிரான்சும் இறங்கியதால், அப்போர் கடல் கடந்து தமிழகத்துக்கும் வந்து சேர்ந்தது. பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து புதுச்சேரியை 1778இலும் மாகேயை 1779இலும் கிழக்கிந்தியக் கம்பெனி கைப்பற்றியது. இவற்றுள் மாகே, மைசூரை ஆண்ட ஐதர் அலியின் படைக்கு ஐரோப்பியத் துப்பாக்கிகளும் வெடிமருந்தும் வந்திறங்கிய துறைமுகம் ஆதலால், அதன் வீழ்ச்சியை மைசூர் அரசு தன் ஆயுத வழியை அடைத்த செயலாகவே கண்டது. இரண்டாம் மைசூர்ப் போரின் முதன்மைக் காரணங்களில் அதுவும் ஒன்று.

1780 ஜூலையில் ஐதர் ஏறத்தாழ 80,000 முதல் 90,000 பேர் கொண்ட படையுடன் செங்கம் கணவாய் வழியாகக் கர்நாடகச் சமவெளியில் இறங்கினார். அப்படையின் பின்தளமாக அமைந்தது, இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களையும் திருப்பத்தூர்ப் பகுதியையும் உள்ளடக்கிய பாராமகால். பன்னிரண்டு கோட்டைகளால் இப்பெயர் பெற்றதாகச் சொல்லப்படும் இந்நாடு, மைசூர் மேட்டுநிலத்துக்கும் கீழைச் சமவெளிக்கும் இடையில் ஒரு படிக்கட்டுப் போல் அமைந்திருப்பதால், தொப்பூர், செங்கம், ராயக்கோட்டை ஆகிய வழிகளைக் காத்தவராலேயே இருபுறமும் படை நடத்த இயன்றது.

மைசூர் அரசு படை திரட்டிய முறை ஒரே சீரானதன்று. அடித்தளத்தில் கந்தாசாரம் இருந்தது. முந்தைய மைசூர் மன்னர் சிக்கதேவராய உடையாரின் காலத்திலேயே தனித் துறையாக விளங்கிய இது, ஊர்களில் வாழ்ந்துகொண்டே அமைதிக் காலத்தில் கோட்டைக் காவலும் வரி வசூலுக்குத் துணையும் செய்து, போர் வந்தால் படைக்கு அழைக்கப்படும் வீரர்களின் அமைப்பாகும். குதிரைப்படையில் இரு வகையினர் இருந்தனர். சொந்தக் குதிரையோடும் ஆயுதத்தோடும் வந்து சம்பளம் பெற்றோர் சிலேதார்கள். அரசு இலாயத்துக் குதிரைகளில் ஏறிப் போரிட்டோர் மற்றையோர். குதிரை இறந்தால் இழப்பு தன்னுடையது என்பதால் சிலேதார் நேருக்கு நேர் மோதத் தயங்குவது இயல்பு. ஆகவே உறுதியான தாக்குதலுக்கு அரசுக் குதிரைகளே தேவைப்பட்டன. பாளையக்காரர்களும் தத்தம் ஆட்களை அனுப்பினர். இவற்றோடு ஒரு கொடிய முறையும் இருந்ததை மறைக்கலாகாது: 1779இல் சித்திரதுர்க்கம் வீழ்ந்தபின் அங்கிருந்த வேடர் குடிகள் பெருந்தொகையாகப் பெயர்த்துக் கொண்டுசெல்லப்பட, அவர்களின் சிறுவர்கள் ‘சேலா’ எனப்பட்ட பட்டாளங்களில் சேர்க்கப்பட்டனர்.

ஆள் திரட்டுவதைவிட அவர்களுக்குச் சோறிடுவதே கடினம். பீரங்கி இழுக்கும் மாடுகளை மைசூர் அரசு தானே இனவிருத்தி செய்து, மேய்ச்சல் காடுகள் ஒதுக்கி வளர்த்தது. ஐதரின் மகன் திப்புவின் காலத்தில் அமிர்தமகால் என்று பெயர் பெற்ற துறை இதுவே. பென்னாகரம் காட்டுப்புறத்தில் இன்றும் காணப்படும் ஆலம்பாடி மாடு அந்த மைசூர் வகையைச் சேர்ந்தது. தானியத்தைச் சுமந்தோர் பெரும்பாலும் லம்பாடிகள். பிரிஞ்சாரிகள் என்று கம்பெனி ஆவணங்கள் குறிக்கும் இவர்கள், ஆயிரக்கணக்கான பொதிமாடுகளில் நெல்லும் உப்பும் ஏற்றிப் படைகளைப் பின்தொடர்ந்து விற்றனர். போரிடும் இரு தரப்பும் அவர்களைத் தொடாதிருப்பது வழக்கம், ஏனெனில் இரு தரப்புக்கும் அவர்கள் தேவைப்பட்டனர்.

சென்னை அரசிடம் இத்தகைய ஏற்பாடு எதுவும் ஆயத்தமாக இல்லை. காஞ்சிபுரத்தில் தங்கிய ஹெக்டர் மன்றோவின் படை, அரிசிக்கே தட்டுப்பாடுற்று, குண்டூரிலிருந்து வந்துகொண்டிருந்த பெய்லியின் பிரிவுக்கு உரிய நேரத்தில் உதவ இயலாது நின்றது. 1780 செப்டம்பர் 10 அன்று பொள்ளிலூரில் ஏவுகணைகளும் குதிரைப்படையும் சூழ, பெய்லியின் படை அழிந்தது. சென்னையைச் சுற்றியுள்ள ஊர்களை ஐதர் எரித்துப் பாழாக்கியதும் எதிரிக்கு ஒரு பிடி தானியமும் கிட்டலாகாது என்ற கணக்கால்தான். அதன் விலையை உழவரே கொடுத்தனர். அவ்வாண்டு நவம்பரில் சென்னை வந்த கம்பெனிப் படைத்தலைவர் அயர் கூட், கடல்வழி உணவை நம்பிக் கடற்கரையை விட்டு நெடுந்தூரம் விலக முடியாதவராகவே போரிட்டார். ஐதரின் வெற்றிகளின் புகழ் அமெரிக்காவையும் எட்டியதற்குச் சான்று உண்டு: பென்சில்வேனிய மாநில அரசு 1782இல் தன் செலவில் களமிறக்கிய போர்க்கப்பலின் பெயர் ‘ஹைடர் அல்லி’.

1782 டிசம்பர் 7 அன்று சித்தூர் அருகே ஐதர் இறந்தார். போர் 1784இல் மங்களூர் உடன்படிக்கையோடு நின்றது. ஆயினும் அவருடைய வழங்கல் முறையைக் கூர்ந்து கற்றவர்கள் எதிரிகளே. மூன்றாம் மைசூர்ப் போரில், 1791இல் கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸின் பொதிமாடுகள் மாண்டு படை பட்டினியில் தவித்தபோது, லம்பாடிகளைக் கம்பெனிப் பக்கம் ஈர்த்துத் தானியம் வரவழைத்தவர்களில் முதன்மையானவர் கம்பெனி அதிகாரி அலெக்சாண்டர் ரீட். 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாராமகால் கம்பெனியிடம் கைமாறியதும், அதை ஆள அனுப்பப்பட்டவரும் அவரே. அவரது உதவியாளர் தாமஸ் மன்றோ தருமபுரியில் தங்கி நில அளவையும் வரி நிர்ணயமும் செய்தார். நான்காம் போரில், 1799 மார்ச்சில் கம்பெனியின் ஜெனரல் ஹாரிஸின் படை ராயக்கோட்டை வழியாக மைசூருக்குள் புகுந்தபோது, பாராமகாலில் தானியமும் பொதிமாடுகளும் திரட்டி, காவேரிபுரம் கணவாய் வழியே ஸ்ரீரங்கப்பட்டண முற்றுகைக்குக் கொண்டுசேர்க்கும் பொறுப்பு ரீடிடம் இருந்தது. மன்றோவும் உடன் சென்றார்.