டீசலின் கனவும் பட்டறைத் தொழிலாளியும்

இயந்திரங்களின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அவற்றைக் கண்டுபிடித்தவரின் பெயரோடு நின்றுவிடுவர். அவற்றைக் கழற்றிப் பழுதுபார்த்து மீண்டும் இயங்கவைக்கும் கைகளுக்கு அவ்வரலாற்றில் இடமில்லை. பழைய டீசல் காரின் சிலிண்டர்த் தலையைக் கழற்றும் தொழிலை நாம் இங்கு எடுத்துக்கொள்வது இக்குறை கருதியே.

றுடோல்ஃப் டீசல் 1858இல் பாரிஸ் நகரில், தோற்பொருள் செய்யும் கைவினைஞர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். நீராவிப்பொறி பெருமுதலுக்கே துணைநின்ற காலம் அது. சிக்கனமாக இயங்கும் சிறுபொறி ஒன்று கிடைப்பின், சிறு பட்டறைக்காரரும் ஆலைகளுக்கு ஈடுகொடுத்து வாழலாம் என அவர் நம்பினார். 1897இல் ஜேர்மனியின் ஔக்ஸ்பேர்க் நகரில் சோதிக்கப்பட்ட அவரது எஞ்சின், எரிபொருளின் வெப்பத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ 26 பங்கை வேலையாக மாற்றியது. 1903இல் தொழிலாளர் கூட்டுடைமை பற்றி ஒரு நூலும் எழுதினார். நூல் விலைபோகவில்லை, எஞ்சின் விலைபோயிற்று. ஆயினும் பெரும் பாரமுடைய அந்த எஞ்சின் ஆலைகளையும் கப்பல்களையும் நீர்மூழ்கிகளையுமே சென்றடைந்தது. 1913இல் இங்கிலாந்து நோக்கிச் சென்ற கப்பலிலிருந்து டீசல் மறைந்துபோனபோது அவரது கனவு கனவாகவே இருந்தது.

அந்த எஞ்சின் காருக்குள் அடங்குவதற்கு வழிவகுத்தவற்றுள் ஒன்று, சிலிண்டர்த் தலையில் நிகழ்ந்த மாற்றமாகும். எரிபொருள் முதலில் தீப்பற்றும் சிற்றறை ஒன்றை 1909இல் புறொஸ்பர் லோறாஞ்ச் என்பவர் வகுத்தார். 1927இல் பொஷ் நிறுவனத்தின் எரிபொருட் பம்பி உற்பத்திக்கு வந்தது. இவற்றின் பயனாக 1936இல் 45 குதிரைவலு கொண்ட மேர்சிடிஸ் பென்ஸ் 260டி வெளிவந்து, வாடகைக் காராகவும் ஓடியது.

இவ்வகை எஞ்சின்களில் காற்று ஏறக்குறைய 20 மடங்கு அமுக்கப்படுகிறது. அவ்வழுத்தத்தைத் தாங்கும் கஸ்கற் எரிந்துபோனால் தலையைக் கழற்றியே ஆகவேண்டும். எஞ்சின் நன்கு ஆறியபின் தண்ணீரை வடித்து, எரிபொருட் குழாய்களைக் கழற்றி, தூசு புகாது அவற்றின் வாய்களை மூடுவர். வால்வுகளை இயக்கும் தண்டுகளை எடுத்த ஒழுங்கிலேயே வைப்பர். ஆணிகளை ஓரங்களிலிருந்து நடுவை நோக்கிச் சிறிது சிறிதாகத் தளர்த்துவர். முறை தவறின் தலை வளைந்துவிடும். உளிகொண்டு நெம்பாது நேரே தூக்கி, நேர்விளிம்புக் கோலை வைத்து அதன் மட்டத்தைச் சோதிப்பர். இவ்வறிவு பெரும்பாலும் ஏட்டிலன்றி, மூத்த தொழிலாளியின் கையிலிருந்து இளையவனின் கைக்கு வந்ததாகும்.

இதற்கு அவன் கொடுத்த விலை என்ன? பழைய கஸ்கற் பல செம்புத் தகட்டினிடையே கல்நார் வைத்துச் செய்யப்பட்டவை. ஒட்டியிருந்ததைச் சுரண்டும்போது எழுந்த தூசை அவன் சுவாசித்தான். கல்நார்த் தூசின் தீங்கறிந்து பிரித்தானியா 1931இலேயே சட்டவிதிகள் இயற்றியது. ஆயின் அவை கல்நார்ப் பொருள் செய்யும் ஆலைகளையே கருதின; அப்பொருளைச் சுரண்டியெடுக்கும் கராச் தொழிலாளியைக் கருதவில்லை. 1969இன் விதிகளே அவ்வெல்லையை விரித்தன. வெண்கல்நார் அங்கு முற்றாகத் தடைசெய்யப்பட்டதோ 1999இல்.

டீசலின் எஞ்சின் இறுதியில் சிறு பட்டறைக்கு வந்துதான் சேர்ந்தது. உடைமையாக அன்று, பழுதாக. அதனைத் திறந்து உயிர்கொடுக்கும் அறிவு தொழிலாளியிடம் இருந்தது. அவன் உயிரைக் காக்கும் அறிவோ சட்டமியற்றுவோரிடம் நெடுங்காலம் முடங்கிக் கிடந்தது. விஞ்ஞான வரலாற்றை மாணவருக்குக் கற்பிக்கும் நாம் இவ்விரண்டையும் சேர்த்தே கற்பித்தல் வேண்டும்.