சமையல் குறிப்பின் மறுபக்கம்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள சிற்றூர் ஆம்ஹர்ஸ்ட். அவ்வூர்க் கல்லூரியின் சேமிப்பில் ஒரு பழந்தாள் இருக்கிறது. ஒருபுறம் தேங்காய் கேக் செய்யும் முறை: தேங்காய் 1 கோப்பை, மாவு 2 கோப்பை, சர்க்கரை 1 கோப்பை, வெண்ணெயும் பாலும் அரையரைக் கோப்பை, முட்டை 2, சமையல் சோடா அரைத் தேக்கரண்டி, கிரீம் ஆஃப் டார்ட்டர் 1 தேக்கரண்டி. திருமதி கார்மைக்கேல் என்பவரிடமிருந்து பெற்ற குறிப்பு. தாளைத் திருப்பினால் ஒரு கவிதை. திரும்பி வாராதவை எவையெவை என்று எண்ணிப் பார்க்கும் கவிதை அது. இறந்தோரும் அவற்றுள் அடக்கம். இரு பக்கங்களையும் எழுதிய கை ஒன்றே, எமிலி டிக்கின்ஸனுடையது (1830-1886).

வெண்ணிற ஆடையுடுத்தி, மாடியறையில் ஒதுங்கி, மரணத்தைப் பாடியவர் என்றே டிக்கின்ஸனை நாம் அறிந்து வந்திருக்கிறோம். ஏறக்குறைய 1,800 கவிதைகள்; வாழ்நாளில் அச்சேறியவை பத்தை ஒட்டியே. இந்தச் சித்திரத்தில் அடுக்களை ஒரு சுவையான துணுக்குச் செய்தியாக மட்டுமே இடம்பெறுகிறது. அது போதாது என்பது நம் எண்ணம். 1856ல் ஊர்க் கால்நடைக் கண்காட்சியில், ரை மாவும் மக்காச்சோள மாவும் கலந்து அவர் சுட்ட ரொட்டி இரண்டாம் பரிசு பெற்றது. (நடுவர்களில் ஒருவர் தங்கை லவீனியா, அப்படியிருந்தும் முதற்பரிசு கிட்டவில்லை!) 1870ல் அவரை நேரில் கண்ட இலக்கியவாதி ஹிக்கின்ஸன், தந்தைக்கு இவர் கைப்பட்ட ரொட்டியே பிடிக்கும் என்பதால் வீட்டு ரொட்டி முழுவதையும் இவரே சுடுகிறார் என்று எழுதி வைத்திருக்கிறார். பாரிஸ் சாக்லேட் ஒன்றின் உறையின் உட்புறத்திலும் சில வரிகள் கிறுக்கியிருக்கிறார். மாவு பிசைந்த இடத்தில்தான் சொற்களும் வந்திருக்கின்றன.

அந்தத் தந்தை 1874 ஜூன் 16 அன்று பாஸ்டனில் திடீரென இறந்தார். இறுதிச் சடங்கு வீட்டிலேயே நடந்தது. மகள் கீழே இறங்கி வரவில்லை. தம் அறைக் கதவைச் சற்றே திறந்து வைத்துக்கொண்டு, உள்ளிருந்தபடியே கேட்டார். தம் வீட்டுத் துக்கத்திலேயே கூடத்திற்கு வர இயலாத ஒருவர் பிறர் வீட்டுத் துக்கத்திற்கு எவ்வாறு செல்வார்? செல்லவில்லை, அனுப்பினார். கடிதம், கவிதை, தோட்டத்துப் பூ, அடுப்பிலிருந்து இறக்கிய பண்டம். அவரிடமிருந்து இவற்றைப் பெற்றோரில் சிலர் அவர் முகத்தையே கண்டதில்லை. அக்கம்பக்கத்துக் குழந்தைகளுக்குச் சன்னலிலிருந்து கூடையில் இஞ்சி ரொட்டி இறங்கி வரும்.

இங்கே அந்தத் தேங்காய் கேக்கில் வரும் சோடாவைக் கவனிக்க வேண்டும். அதற்கு முன் கேக் உப்ப வேண்டுமானால் ஈஸ்ட் புளிக்கக் காத்திருக்க வேண்டும்; அல்லது முட்டையைக் கை ஓயுமட்டும் அடிக்க வேண்டும். சோடாவும் அமில உப்பும் ஈரத்தில் கலந்தால் வாயு உடனே கிளம்பும், மாவு சிறிது நேரத்தில் எழும்பும். 19ஆம் நூற்றாண்டின் வீட்டுப் பெண்களுக்கு இது எளிய வசதியாகத் தோன்றியிருக்கலாம். நமக்கோ வேறொன்று தோன்றுகிறது: காலையில் செய்தி கேட்டு மாலைக்குள் ஒரு கேக்கை அனுப்பிவிட முடியும் என்பது அப்போதுதான் சாத்தியமாயிற்று.

அவருடைய கறுப்பு கேக் இதற்கு நேர் எதிரானது. மாவு, சர்க்கரை, வெண்ணெய் ஒவ்வொன்றும் 2 பவுண்டு, முட்டை 19, உலர்ந்த திராட்சை மட்டுமே 5 பவுண்டு, பிராந்தி, கரும்புப் பாகு, ஜாதிக்காய், ஜாதிபத்திரி, கிராம்பு, பட்டை. மெல்லிய சூட்டில் 5, 6 மணி நேரம் வேக வேண்டும். ஊரையே அழைத்துப் பரிமாறத் தக்க அளவு! இந்தச் செய்முறையை அவர் 1883 கோடையில் நெல்லி ஸ்வீட்ஸர் என்ற தோழிக்கு எழுதி அனுப்பினார். அத்தாள் இப்போது ஹார்வர்டில் இருக்கிறது.

அந்தக் கோடை முடிந்ததும் பக்கத்து வீட்டில் நோய் புகுந்தது. அண்ணன் ஆஸ்டினும் அண்ணி சூசனும் வாழ்ந்த வீடு அது. இடையே ஒரு நடைபாதை தூரந்தான். எமிலி அங்கே காலடி வைத்து ஏறத்தாழ 15 ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர்களுடைய இளைய மகன் கில்பர்ட்டுக்கு டைஃபாய்டு. ஆகஸ்ட் 1 அன்றுதான் எட்டு வயது நிறைந்திருந்தது. அக்டோபர் 4 இரவு, எதையும் அனுப்பிவிட்டு அமராமல், எமிலி தாமே அந்தப் பாதையைக் கடந்தார். கிருமிநாசினியின் நெடி தாளாமல் விடியற்காலை மூன்று மணியளவில் வீடு திரும்பி, வாந்தியெடுத்துப் படுத்தவர் பல வாரங்கள் தேறவில்லை. சிறுவன் 5ஆம் தேதி இறந்தான். சூசனுக்கு அவர் எழுதிய ஆறுதல் கடிதங்கள் அதன்பின் பழையபடி வேறு கைகளில் அந்த நடைபாதையைக் கடந்து சென்றன.