தராசு ஏறிய நாற்காலி

சென்னைச் சட்டமன்றத்தின் தலைமை நாற்காலி ஒரு பக்கம் சாய்ந்தபோதெல்லாம் அதில் உட்கார்ந்தவரைத் திட்டித் தீர்த்திருக்கிறோம். நூறாண்டு வரலாற்றைப் பார்த்தால், பிழை ஆளைவிட அமைப்பில்தான் அதிகம். தொடக்கத்தில் ஆளுநரே அவைக்குத் தலைமை தாங்கினார். 1919ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிறந்த அவைக்கும் சர் பி. ராஜகோபாலாச்சாரியை ஆளுநர்தான் முதல் தலைவராக நியமித்தார். தலைவரைத் தானே தேர்ந்தெடுக்கும் உரிமை அவைக்குப் பிறகே கிடைத்தது. பெரிய உரிமைதான், ஆனால் ஆளுநர் கையிலிருந்து மீண்ட நாற்காலி பெரும்பான்மைக் கட்சியின் கைக்குப் போய்விட்டது. 14 நாள் முன்னறிவிப்பு கொடுத்து, மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மையோர் தீர்மானித்தால் பேரவைத் தலைவரை நீக்கலாம் என்கிறது அரசியல் சட்டத்தின் 179ஆம் பிரிவு. அமர்த்துவதும் அகற்றுவதும் ஆளுங்கட்சியே.

இதன் பொருள் 1972இல் வெட்டவெளிச்சமானது. எம்.ஜி.ஆர். தி.மு.க.விலிருந்து நீக்கப்பட்ட அடுத்த மாதம், நவம்பர் 13 அன்று, பேரவைத் தலைவர் கே.ஏ. மதியழகன், முதல்வர் கருணாநிதி மக்களிடம் மறு தீர்ப்புக் கேட்கவேண்டும் என்று கூறி அவையை ஒத்திவைத்தார். 1971 தேர்தலில் 184 இடங்களை வென்றிருந்த கட்சி தி.மு.க. டிசம்பர் 2இல் அவை கூடியபோது மதியழகன் ஒருபுறமும் துணைத் தலைவர் பெ. சீனிவாசன் இன்னொருபுறமும் ஒரே நேரத்தில் அவை நடத்தினார்கள். முடிவில் மதியழகன் நீக்கப்பட்டார். அவர் செய்தது சரியென்று நான் வாதிடவில்லை. அரசின் ஆயுளைத் தீர்மானிப்பது அவைத் தலைவரின் வேலை அல்ல. ஆனால் பின்வந்தவர்களுக்கு அந்த நாள் கற்பித்த பாடம் வேறு: ஆளுங்கட்சியோடு முரண்பட்டால் நாற்காலி நிலைக்காது.

இப்படிப்பட்ட நாற்காலியின் கையில்தான் 1985இல் கட்சித்தாவல் தடைச் சட்டம், கட்சி மாறியவரின் பதவி பற்றித் தீர்ப்பளிக்கும் நீதிபதியின் தராசைக் கொடுத்தது. 1988 ஜனவரி 28 அன்று முதல்வர் ஜானகி அரசின் நம்பிக்கை வாக்கெடுப்பில் பேரவைத் தலைவர் பி.எச். பாண்டியன் எடுத்த முடிவுகளும், அவைக்குள் காவலர் நுழைந்து நடத்திய தடியடியும் இந்தச் சேர்க்கையின் விளைவுகள். இரண்டே நாளில் குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தது.

பேரவைத் தலைவராக சிவசண்முகம் பிள்ளை 1946 முதல் 1955 வரை அவை நடத்தவில்லையா, ஆள் நல்லவரானால் போதாதா என்று கேட்கலாம். ஆனால் 1952இல் காங்கிரசுக்கு 375 இடங்களில் கிடைத்தவை 152தான். உறுப்பினர்கள் அணி மாறித்தான் ராஜாஜியின் அரசு நிலைத்தது. மாறியவர்களின் பதவி தகுமா என்று தீர்ப்பளிக்கும் சுமை அன்று தலைவருக்கு இல்லை. அவரது பெருமையைக் குறைக்க இதைச் சொல்லவில்லை. அந்தச் சோதனை அவருக்கு வரவே இல்லை.

நீதிமன்றம் இருக்கிறதே என்பது வலுவான மறுப்பு. பேரவைத் தலைவரின் தகுதிநீக்க முடிவு நீதிமன்ற ஆய்வுக்கு உட்பட்டது என்று 1992இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, உண்மை. ஆனால் அந்த ஆய்வுக்கு எவ்வளவு காலம் பிடிக்கிறது? 2017 பிப்ரவரியில் நம்பிக்கை வாக்கெடுப்பில் அரசை எதிர்த்து வாக்களித்த ஆளுங்கட்சி உறுப்பினர்கள் 11 பேர் பதவி இழக்கவில்லை. முதல்வர் மீது நம்பிக்கையில்லை என்று ஆளுநரிடம் கடிதம் கொடுத்த, அதே கட்சியின் இன்னொரு அணியின் 18 பேரை செப்டம்பர் 18இல் பேரவைத் தலைவர் தகுதிநீக்கம் செய்தார். சென்னை உயர் நீதிமன்றத்தில் தீர்ப்பு இரண்டாகப் பிரிந்து, மூன்றாம் நீதிபதி அந்த முடிவை உறுதிசெய்தபோது 2018 அக்டோபர் 25 ஆகியிருந்தது. இடைத்தேர்தல் நடந்ததோ 2019 ஏப்ரல், மே மாதங்களில். ஒன்றரை ஆண்டுக்கு மேலாக 18 தொகுதி மக்களுக்கு அவையில் குரல் இல்லை. முடிவு சட்டப்படி சரியே என்றாலும், கட்சிச் சீட்டில் வென்று அடுத்த சீட்டுக்கும் அதே கட்சியை நம்பியிருப்பவர் அதை எடுக்கக்கூடாது.

தகுதிநீக்கத்தைச் சுதந்திரமான தீர்ப்பாயத்திடம் விடுவது பற்றி நாடாளுமன்றம் யோசிக்கவேண்டும் என்று 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கூறியது. அதற்கான சட்டம் இன்னும் வரவில்லை.